சதுரக் குழி

ஸ்ரான்லி வீதியில் என் கடைக்கு வந்த மின்கதிரைக்கு
மோட்டர்ப் பெட்டியில் நாலு திருகாணி.
நாலிலும் சதுரக் குழி.

தட்டைத் திருப்புளி வழுக்கியது.
நட்சத்திரம் நுழையவே இல்லை.
கத்தி முனையை வைத்துப் பார்த்தேன், பெருவிரல் கிழிந்தது.
கதிரைக்குச் சொந்தக்காரர் மரியசீலன்,
குருநகர், மிதிவெடிக்கு முன்பு கடற்தொழில்,
வாசல் வாங்கில் இருந்தபடி சொன்னார்:
"கப்பலிலை ரெண்டு மாசம் வந்த சாமான்,
ஆரையும் உள்ளுக்கை விடுதில்லை."

அவருடைய மச்சான் ஸ்காபரோவில்.
எடுத்தேன். இங்கே காலை பத்து,
அங்கே நள்ளிரவு கழிந்து அரைமணி.
உலகத்தை இருபத்துநாலு துண்டாக நறுக்கி
மணி பங்கிட வேண்டுமென்று வாதாடியவரும்
அந்த நாட்டுக்கு றெயில் பாதை போட்ட எஞ்சினியர்தானாம்.
வன்னிக்கு ஒரு மணி, யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு மணி என்று
நாங்கள் பத்து வருசம் வாழ்ந்ததைக் கேட்டிருந்தால்
மனுசன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருப்பார்.

மச்சான் கொட்டாவியோடு சொன்னார்:
"அது றொபேட்சன். இஞ்சை எல்லாக் கடையிலையும் தொங்குது."
நூறு வருசத்துக்கு முந்தி
திருப்புளி வழுக்கிக் கையைக் கிழித்துக்கொண்ட
ஒரு விற்பனையாளன் கண்ட குழி.
என் பெருவிரலைப் பார்த்தேன். ரத்தம் காயவில்லை.
ஆளைப் பிடித்துப்போய்விட்டது.

மின்கதிரையும் அங்கே செய்ததுதான்,
ஒரு பெரிய சண்டையிலிருந்து
கழுத்துக்குக் கீழே அசையாமல் திரும்பிய பெடியளுக்காக.
போனில் வாசித்துச் சொன்னேன். மரியசீலன் கேட்டார்:
"அவையள் வெண்டவையோ?"
"வெண்டவை."
"அப்ப கதிரை கிடைக்கும்தானே."

ஆறங்குல ஆணியொன்றைக் கவ்வியில் இறுக்கி
அரம் எடுத்தேன்.
சதுரம் லேசில்லை.
மூன்று பக்கம் சொல் கேட்கும்,
நாலாவது எப்போதும் பொய் சொல்லும்.

தேய்க்கத் தேய்க்க எனக்கு ஒன்பது வயது.
பற்றறிக்குத் தடை.
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
அக்கா மிதியைச் சுற்றுகிறாள், டைனமோ உரசுகிறது,
செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்கி வாங்கிப் பேசுகிறார்.
அக்கா களைத்தால்
உலகம் நடு வசனத்தில் நின்றுவிடும்.
நெடுநாள் உழைக்கிற பற்றறியைச் செய்தவரும்
கனடாவில் பிறந்தவராம். இருக்கட்டும்.
அவருடைய பற்றறி தாண்டிக்குளத்தைத் தாண்டவில்லை.
டைனமோவில் றேடியோ பாடும் என்று முதலில் கண்டது யார்?
கொக்குவில் ஆள் என்றார்கள்,
இல்லை, சுன்னாகத்தில் ஒரு வாத்தியார் என்றார்கள்.
பேரைப் பதிய
ஒரு கந்தோரும் அன்றைக்குத் திறந்திருக்கவில்லை.

மூன்றேகாலுக்கு ஆணி குழிக்குள் போனது.
கையை விட்டேன். விழவில்லை.
பிடித்துக்கொண்டு நின்றது.
கோபத்தில் பிறந்த சாமானுக்கு எவ்வளவு பொறுமை.

மூடியைத் திறந்தால் வயர் நுனியெல்லாம் வெள்ளை.
பூஞ்சணம் என்றேன்.
மரியசீலன் விரலால் ஒற்றி நாக்கில் வைத்தார்.
"உப்பு."

ரொறன்ரோவில் பனி உருக றோட்டில் கொட்டுகிற உப்பு.
முகம் தெரியாத ஒருவர்
எத்தனை மாரி இந்தக் கதிரையில்
மருந்துக் கடைக்கும் தேவாலயத்துக்கும் போனாரோ.
"கடலில்லாத இடத்திலையும் விடாது போல" என்றார் மரியசீலன்,
வெகுநாளைக்குப் பிறகு தன் தொழிலைப் பற்றிப் பேசுகிற குரலில்.

வினாகிரியால் துடைத்தேன். இரண்டு வயர் மாற்றினேன்.
மூன்று சதுரத்தைப் பூட்டினேன்,
நாலாவது எங்கேயோ உருண்டுவிட்டது.
அந்த ஓட்டைக்கு எங்களூர் நட்சத்திரம்.
இனித் திறக்கிறவன் திட்டுவான். திட்டட்டும்.

பில்லில் "சதுரச் சாவி, ஒன்று" என்று எழுதி
என்ன விலை போடுவதென்று தெரியாமல் நிமிர்ந்தேன்.
பலகையால் இறங்கிக் கதிரை போய்விட்டிருந்தது,
பின்னால் ஒரு மினிபஸ் கோன் அடிக்க அடிக்க
வீதியின் நட்டநடுவால்.